புதுப்பிப்பு: தாதிமை உதவியாளர் பயிற்சி முடிந்தது

நாற்பதைத் தாண்டியவள் சிங்கப்பூரில் தாதிமை உதவியாளர், அதாவது நர்ஸுகளுக்கு உதவியாக நோயாளிகளைக் கவனிப்பவர், பயிற்சிக்குப் போகலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பலர் தைரியம் சொன்னீர்கள். போனேன், தேறிவிட்டேன்.

கட்டணத்தில் ஒரு பகுதியை ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கிலிருந்து, அதாவது பயிற்சிக்காக அரசாங்கம் பணம் போடும் கணக்கிலிருந்து, கட்டினேன். 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்கு 2024 மே மாதம் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதலாகப் போட்டார்களே, அதுதான். எல்லாப் பயிற்சிக்கும் அது செல்லாது, பார்த்துச் சேருங்கள்.

வகுப்பைவிட செய்முறைத் தேர்வுதான் கடினம். பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை மாட்டும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கை முதலில். சக்கர நாற்காலியை நல்ல கால் இருக்கும் பக்கமாகப் போட்டு, மறக்காமல் பிரேக் பூட்ட வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவருக்குத் தண்ணீரிலும் கெட்டியாக்கும் பொடி கலக்கிறோம், புரையேறாமல் இருக்க. ஊட்டியதும் உடனே படுக்க வைக்கக் கூடாது. இதையெல்லாம் கைகள் பழகிக்கொள்ளத்தான் நாளாகும். முதுகு வலி உண்மை, மறைக்க மாட்டேன்.

இதை முடித்தால் நர்ஸ் ஆகிவிடலாமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். இல்லைம்மா. சிங்கப்பூர்த் தாதியர் மன்றத்தில் பதிவு பெற வேறு படிப்பு வேண்டும். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் தாதிமைப் படிப்பு ஒரு வழி. நாங்கள் தாதியரின் மேற்பார்வையில் வேலை செய்பவர்கள்.

மொழி பற்றிக் கவலைப்பட்டவர்களுக்கு: கொஞ்சம் மலாய், 'வலிக்கிறதா' என்பதற்குச் சீனம், அப்புறம் சைகை. ஓடுகிறது.

அடுத்த மாதம் முதியோரைப் பராமரிக்கும் ஒரு தாதிமை இல்லத்தில் வேலைக்குச் சேர்கிறேன். சம்பளம் கேட்டவர்களே, கைக்கு வரட்டும், எழுதுகிறேன்.