மறைவான கட்டளைகளை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

புதுவரவு:
நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியில் செய்தி எதுவும் கொடுக்காமல் கமிட் போட்டால், அதாவது மாற்றத்தைப் பதிந்தால், பல கணினிகளில் விம் (Vim) என்ற எடிட்டர் திறந்துகொள்ளும். தட்டினால் எழுத்து சரியாக விழாது, எப்படி வெளியே வருவது என்று திரையிலும் இருக்காது. எஸ்கேப், அப்புறம் கோலன், கியூ, ஆச்சரியக்குறி, என்டர், அவ்வளவுதான். செய்தி எழுதாமல் இப்படி வெளியேறினால் கமிட் நடக்காது, ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. இதை கமிட் சொல்லித்தரும் பத்தியிலேயே எழுதாமல், எடிட்டரின் கையேட்டில் தேடிக்கொள்ளட்டும் என்று விடுவது எனக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை.

பழைய ஷெல்:
ஒப்புக்கொள்ள மாட்டேன். கிட் கையேடு கிட்டைப் பற்றிப் பேசினால் போதும். எடிட்டரை நானோ (nano) என்ற வேறொன்றுக்கு மாற்றி வைத்திருப்பவருக்கு உங்கள் வரி தப்பான வழியல்லவா? 1971-இல் வந்த முதல் யூனிக்ஸ் இயங்குதளக் கையேட்டிலிருந்தே மேன் பக்கங்கள், அதாவது கட்டளைகளுக்கான கையேட்டுப் பக்கங்கள், சுருக்கமாக இருப்பது, விஷயம் தெரிந்தவர் தேடிய ஆப்ஷனைச் சட்டென்று எடுக்கத்தான். சொல்ல வேண்டியதை மென்பொருளே சொல்லட்டும். விம்மில் கண்ட்ரோல் சி அழுத்தினால் வெளியேறும் வழியை அதுவே காட்டுகிறதே.

புதுவரவு:
கண்ட்ரோல் சி அழுத்த வேண்டும் என்பதே தெரியாதவருக்குத்தானே கையேடு? நானோ திரையின் அடியிலேயே எல்லாம் இருக்கிறது, உண்மைதான், ஆனால் வெளியேறுவதற்கான எக்ஸுக்கு முன்னால் நிற்கும் அந்தச் சின்னக் கூரைக்குறி (^) கண்ட்ரோல் விசையைக் குறிக்கிறது என்று முதல்முறை பார்ப்பவருக்கு யார் சொல்வது?

கையேடு எழுதுபவள்:
நீங்கள் இருவரும் இரண்டு வகை ஆவணங்களை ஒன்றாக்கிப் பேசுகிறீர்கள். மேன் பக்கம் தேடிப் பார்ப்பதற்கு. அது சுருக்கமாகவே இருக்கட்டும். செய்முறை வழிகாட்டி வேறு, அதில் ஒவ்வொரு கட்டளைக்கும் பிறகு திரையில் என்ன வரும் என்று எழுதியே ஆக வேண்டும். நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டும் சூடோ (sudo) கடவுச்சொல் கேட்கும்போது பல கணினிகளில் தட்டுவது எதுவும் திரையில் தெரியாது, விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். வழிகாட்டிகளில் கட்டளைக்கு முன் வெறும் அடையாளமாகப் போடும் டாலர் குறியும் அப்படித்தான், அதையும் சேர்த்து காப்பி செய்து ஒட்டினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பிழை வரும். இதற்கெல்லாம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும்.

பழைய ஷெல்:
சரி, வழிகாட்டியில் எழுதுங்கள். ஆனால் எந்த எடிட்டர் திறக்கும் என்று உங்களுக்கே தெரியாது. மூன்று நான்கு எடிட்டருக்கு எழுதி, பதிப்பு மாறும்போதெல்லாம் திருத்திக்கொண்டிருப்பது யார்?

கையேடு எழுதுபவள்:
விம்மில் கோலன் கியூ எத்தனையோ வருடமாக மாறவில்லை. எது திறந்திருக்கிறது என்பதையும் பார்த்தே சொல்லிவிடலாம்: இடது ஓரத்தில் அலைக்குறிகள் (~) வரிசையாக இறங்கினால் அநேகமாக விம், அடியில் இரண்டு வரி நிறையக் கூரைக்குறிகள் இருந்தால் நானோ. முதலில் இதை எழுதி, அதன் கீழே வெளியேறும் விசைகளைக் கொடுத்தால் நானோ வைத்திருப்பவரும் வழிதவற மாட்டார்.