‘ஆபத்தான அடைப்பு’ வேண்டாம்: இடர்ப்படிவு, மெல்லேடு, உணர்குழாய்

வணக்கம் டாக்டர்.

நம் சொற்பட்டியலில் வல்னரபிள் பிளாக் (vulnerable plaque: இதயத் தமனிச் சுவரில் இருந்துகொண்டு, திடீரென மாரடைப்பை உண்டாக்கக்கூடிய கொழுப்புப் படிவு) என்பதற்கு நீங்கள் தந்த ‘ஆபத்தான அடைப்பு’ என்பதில் ‘அடைப்பு’ எனக்கு உடன்பாடில்லை. குழாய் எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதல்ல இங்கே கேள்வி. 2011-இல் வெளியான பிராஸ்பெக்ட் ஆய்வில், ஸ்டென்ட் வைக்காமல் விட்டுப் பின்னாளில் தொல்லை தந்த இடங்களில், தொடக்கத்தில் ஆஞ்சியோகிராம் காட்டிய குறுக்கம் சராசரியாக 32% தான். ஆஞ்சியோகிராமில் தெரிவது இரத்தம் ஓடும் வழி மட்டும். சுவருக்குள் இருப்பது தெரியாது. ‘அடைப்பு’ என்று எழுதினால், முப்பது விழுக்காடுதானே என்று நோயாளி அசட்டையாக இருந்துவிடுவார்.

சுவருக்குள் கூழாகக் கொழுப்பும் இறந்த செல்களும். அதன்மேல் நாரிழை மூடல். காய்ச்சிய பால் ஆறும்போது மேலே படியும் ஏடு மாதிரி. அந்த ஏடு 65 மைக்ரானைவிட (ஒரு மைக்ரான் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மெலிந்தால் கிழிய வாய்ப்பு மிகுதி. விழுங்கு செல்கள் (மேக்ரோபேஜ்) சுரக்கும் நொதிகள் அதை மேலும் அரிக்கும். கிழிந்ததும் கூழ் இரத்தத்தில் பட்டு, உறைகட்டி திரண்டு குழாயை மூடும். எனவே இந்த மூடலுக்கு ‘ஏடு’, மெலிந்த மூடல் உள்ளதற்கு ‘மெல்லேட்டுப் படிவு’, பொதுச்சொல்லாக ‘உடைபடு படிவு’ என்று வைக்கலாமா?

அடுத்து, இந்தப் படிவைப் பார்க்கத் தமனிக்குள் செலுத்தும் கதீட்டர். கதீட்டருக்கு எல்லாரும் எழுதும் ‘வடிகுழாய்’ சிறுநீருக்குச் சரி. இங்கே எதுவும் வடியவில்லை. 0.014 அங்குலக் கம்பியின் மேல் ஏறி இதயத் தமனிக்குள் போகும், ஏறத்தாழ 1 மி.மீ. தடிமனுள்ள இந்தக் குழாயின் வேலை உணர்வது. ‘உணர்குழாய்’ போதும்.

—

அன்புடையீர்,

‘ஏடு’ மிகப் பொருத்தம், எடுத்துக்கொள்வோம். ‘உடைபடு’ மட்டும் இடிக்கிறது. ஏடு கிழியாமலே, அதன்மேலுள்ள உட்படலம் உரிந்து உறைகட்டி உண்டாவதும் உண்டு. பொதுச்சொல் இரண்டையும் தாங்க வேண்டும். ‘நொய்ப்படிவு’ நல்ல தமிழ்தான். ஆனால் ஒரு கொம்பு மாறினால் ‘நோய்ப்படிவு’. அச்சில் இந்தப் பிழை வராமல் இருக்காது, வந்தாலும் பொருள் பொருந்துவதுபோல் இருப்பதால் திருத்துபவர் கண்ணில் படாது. ‘இடர்ப்படிவு’ என்கிறேன். தமனியை இலங்கையில் நாடி என்பார்கள். ‘தமனி’ என்ற சொல்லைச் சேர்க்காமல் விட்டால் இரு கரையிலும் புழங்கும்.

‘உணர்குழாய்’ சரி, ஆனால் எதை உணர்கிறது என்பது முன்னே வந்தே ஆக வேண்டும். ஐவஸ் (IVUS, மீயொலியால் படமெடுப்பது) ‘ஒலியுணர்குழாய்’: சுவரின் முழு ஆழத்தையும் பார்க்கும், ஆனால் நுணுக்கம் 100 மைக்ரான் அளவில்தான். 65 மைக்ரான் ஏட்டை அதனால் அளக்க முடியாது. ஓசிடி (OCT, ஒளியால் படமெடுப்பது) ‘ஒளியுணர்குழாய்’: 10 முதல் 20 மைக்ரான் வரை பிரித்துக் காட்டும், ஆழம் 1–2 மி.மீ. தான். இரத்தம் ஒளியைச் சிதறடிப்பதால் கான்ட்ராஸ்ட் திரவம் பாய்ச்சி இரத்தத்தை விலக்கிவிட்டு, சில நொடிகளுக்குள் குழாயைப் பின்னிழுத்து முடிக்க வேண்டும். பாய்ச்சல் போதாமல் எஞ்சிய இரத்தம் உறைகட்டி போலவே தெரியும். மேற்பரப்பில் விழுங்கு செல்கள் அடர்ந்திருந்தால் அவற்றின் பின்னால் விழும் நிழல், மெல்லேட்டுக்கு அடியில் கொழுப்பு இருப்பதுபோல் ஏமாற்றும். ஏடு இல்லாத இடத்தில் ஏடு எழுதப்படுவது இப்படித்தான்.

நிர்ஸ் (NIRS) ‘நிறமாலை உணர்குழாய்’. அண்மை அகச்சிவப்பு ஒளியில் கொழுப்பின் வேதித் தடத்தைப் படிக்கும். இரத்தத்தை விலக்கத் தேவையில்லை. படத்தில் கொழுப்பு உள்ள இடம் மஞ்சள், இல்லாதது சிவப்பு. 4 மி.மீ. நீளத் துண்டில் ஆயிரத்துக்கு எத்தனை புள்ளி மஞ்சள் என்பதே சுட்டெண். 400-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டியது. இதற்குக் ‘கொழுப்புக்கருச் சுட்டெண்’. ஏட்டின் தடிமனை இது சொல்லாது என்பதால், ஒரே குழாயில் ஒலியுணரியையும் சேர்த்தே செய்கிறார்கள்.

‘வெப்ப உணர்குழாய்’ பட்டியலில் இருக்கட்டும். 1990-களின் இறுதியில் ஏதென்ஸில் அழற்சியின் சூட்டை அளந்தார்கள். ஓடும் இரத்தம் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடுவதால் அது நிலைக்கவில்லை.

இன்னும் ஒரு சொல் பாக்கி. சுழன்றபடி படமெடுக்கும் குழாய் கூரிய வளைவில் உரசினாலோ, உடலுக்கு வெளியே குழாய் நுழையும் வாயிலுள்ள வால்வை இறுக்கிவிட்டாலோ, சுழற்சி சீர்கெட்டுப் படத்தின் ஒரு பக்கம் துணியைப் பிடித்து இழுத்தாற்போல் நீளும். வால்வைச் சற்றுத் தளர்த்தி மறுபடி எடுக்க வேண்டும். இதற்குச் ‘சுழற்சிப் பிசகு’ என்று குறித்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக இருந்தால் எழுதுங்கள்.