சித்திகளா, சித்தீஸா?

எடிசன் மீனா:
சேலத்துக்காரன் நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. "கமலா ஹாரிஸ் 2020-ல் துணை அதிபர் வேட்பாளராக மாநாட்டு மேடையில் தன் சித்திகளைச் சித்தீஸ் என்று சொன்னது ஓட்டுக்காக. அமெரிக்கா போன பெண்களுக்குப் பண்பாடு விமானம் ஏறும்போதே போய்விடுகிறது" என்கிறார். ஆகஸ்ட் 19 ராத்திரி அந்தப் பேச்சை நான் நேரலையில் பார்த்தேன். உளுந்து கழுவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. கும்பகோணத்துச் சித்தி ஞாபகம். பி.யூ.சி.யில் முதல் வகுப்பு வாங்கியவளைத் தாத்தா அதற்கு மேல் படிக்க அனுப்பவில்லை. நான் 2009-ல் அமெரிக்காவுக்குக் கிளம்பியபோது ஆயிரம் ரூபாயை நாலாக மடித்து என் கைப்பையில் திணித்து, "நீயாவது சம்பாதிடி" என்றாள். இங்கே ஆறு வருஷம் ஒரு பைசா சம்பாதிக்கவில்லை. எச்-4 விசா, வேலை விசாவில் வந்தவரின் மனைவிக்குத் தருவது; அப்போது அதில் வேலை பார்க்க அனுமதி இல்லை. எம்.எஸ்சி. வேதியியல் படித்தவளுக்கு சமூகப் பாதுகாப்பு எண்ணான எஸ்.எஸ்.என். கூடக் கிடையாது. 2015 மே 26-ல் விதி மாறியது. கணவருக்கு ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காக நிறுவனம் போட்ட மனுவுக்கு ஒப்புதல், கிடைத்திருந்ததால் நானும் வேலை அனுமதி அட்டையான ஈ.ஏ.டி.க்கு விண்ணப்பித்தேன். அட்டை வந்த அன்று முதல் போன் சித்திக்குத்தான். இதில் எது விமானம் ஏறும்போது போய்விட்டது, சொல்லுங்கள்.

சேலத்துக்காரன்:
உங்க கஷ்டம் புரியுது மேடம். ஆனா நான் கேட்டது வேற. சித்திக்குப் பன்மை சித்திகள். அவங்க சொன்னது சித்தீஸ். அந்த 'ஸ்' எங்கிருந்து வந்துச்சு? எழுதிக் கொடுத்ததைப் படிச்சாங்க, அவ்வளவுதான்.

எடிசன் மீனா:
எழுதிக் கொடுத்தவருக்குச் சித்தி என்ற சொல் எப்படித் தெரியும்? கமலாவின் அம்மா ஷியாமளா கோபாலன்தான் வீட்டில் மூத்தவர். அவர் தங்கைகள் கமலாவுக்குச் சித்திதான். முறை சரியாகத்தானே இருக்கிறது. ஷியாமளா 1958-ல், 19 வயதில், தனியாகக் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனவர். டெல்லி லேடி இர்வின் கல்லூரியில் மனையியல் படித்தவர், பெர்க்லியில் 1964-ல் முனைவர் பட்டம் வாங்கினார். அதற்குப் பிறகு மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி.

சேலத்துக்காரன்:
படிச்சாங்க, சரி. அப்புறம் ஜமைக்காக்காரரைக் கட்டிக்கிட்டாங்க. பண்பாட்டைப் பத்தி நான் எழுதினதுல என்ன தப்பு? 'ஸ்' பத்தி இன்னும் பதில் இல்லை.

எடிசன் மீனா:
நம் பையன் வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தால் ஊரே மேளம் வைத்து வரவேற்கும். பெண் கட்டினால் பண்பாடு போய்விடும். போன பொங்கல் விழாவில் காலை ஐந்து மணிக்கு வந்து 150 பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் கிண்டியது நாங்கள் எட்டுப் பெண்கள். மேடை ஏறிப் பொன்னாடை போர்த்திக்கொண்டது ஏழு ஆண்கள். அதில் நீங்களும் ஒருவர்.

சேலத்துக்காரன்:
விழாக் கணக்கை இங்க எதுக்கு இழுக்கறீங்க? மண்டப வாடகை யார் கொடுத்தாங்கன்னும் சொல்லுங்களேன்.

ஸ்கார்பரோ சுகி:
மீனா அக்கா, எங்கட வீட்டில குஞ்சியம்மா எண்டுதான் சொல்லுவம். பிள்ளையள் "குஞ்சியம்மாஸ்" எண்டுதான் சொல்லுதுகள். ஒருத்தரும் செத்துப் போகேல்ல.

சேலத்துக்காரன்:
அதைத்தான் நானும் சொல்றேன்! எல்லாத்துலயும் ஒரு 'ஸ்'. இப்படியே போனா மொழி என்னாகும்?

எடிசன் மீனா:
நீங்கள் எழுதிய பழைய பதிவில் "ஃப்ரெண்ட்ஸ், டீச்சர்ஸ்" என்று நாலு இடத்தில் இருக்கிறது. அந்த ஸ் மட்டும் சேலத்திலேயே விளைந்ததா?

ஹூஸ்டன் பாண்டியன்:
ரெண்டு பேருக்கும் ஒரு கேள்வி. 1958-ல பொண்ணை டெல்லியில படிக்க வெச்சு அமெரிக்காவுக்கும் அனுப்ப எத்தனை வீட்டால முடிஞ்சிருக்கும்? ஷியாமளாவோட அப்பா கோபாலன் அரசு அதிகாரி, மேல்சாதி. அந்த வீட்டுக் கதையையே பெண் விடுதலைன்னு எத்தனை நாள் பேசுவீங்க? எங்கம்மா நடவுக்குப் போனவங்க. அவங்க தங்கச்சியும் எனக்குச் சித்திதான், அவங்க பேரு எந்த மேடையிலயும் வராது. 2023 பிப்ரவரியில சியாட்டில் சாதிப் பாகுபாட்டைத் தடை செஞ்சப்போ இங்க எத்தனை பேர் வாயைத் திறந்தீங்க?

எடிசன் மீனா:
நான் திறந்தேன் பாண்டியன் சார். சாதிப் பாகுபாட்டைத் தடை செய்யும் கலிஃபோர்னியா எஸ்.பி. 403 மசோதாவுக்கு ஆதரவாகக் கையெழுத்தும் போட்டேன். சட்டமன்றத்தில் நிறைவேறியதை அக்டோபரில் ஆளுநர் நியூசம் தடுத்துவிட்டார். அதற்கு என்னைக் கேட்டால் எப்படி?

ஹூஸ்டன் பாண்டியன்:
கையெழுத்து போட்டீங்க, சந்தோஷம். சித்தியைப் படிக்க விடலைன்னு எழுதுனீங்களே, அந்தத் தாத்தா வீட்டு வயல்ல யார் வேலை செஞ்சாங்கன்னு ஒரு வரி எழுதுனீங்களா?

சேலத்துக்காரன்:
பாண்டியன் அண்ணே, சாதியை விடுங்க, பேச்சு மாறுது. கமலாவோட தாத்தா ஊரான துளசேந்திரபுரத்துல 2020 நவம்பர்ல வாசல் வாசலாக் கோலம் போட்டாங்க. 2024-ல ஜெயிக்கணும்னு பூஜை செஞ்சாங்க. அந்த ஊருக்குக் கமலா என்ன செஞ்சாங்க? தமிழ்ல ஒரு வாக்கியம் பேசுனாங்களா? ஒரே ஒரு சொல். அதுலயும் 'ஸ்'.

எடிசன் மீனா:
ஒரே ஒரு சொல்தான். ஆறு வருஷம் நான் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது இந்த ஊர் டிவியில் என் வீட்டுச் சொல் ஒன்றுகூட வந்ததில்லை. அவர் அரசியலில் எனக்கும் நூறு குறை உண்டு. அந்தச் சொல்லில் இல்லை. நியூஜெர்சியில் பிறந்த என் மகள் என் இரண்டு தங்கைகளையும் வாட்ஸ்அப்பில் "ஹாய் சித்தீஸ்" என்றுதான் கூப்பிடுகிறாள். அவர்கள் திரை முழுக்க முகத்தை வைத்துக்கொண்டு ஒன்றாக "என்னடா கண்ணு" என்கிறார்கள். நான் திருத்தப் போவதில்லை.

சேலத்துக்காரன்:
திருத்தணும். நீங்களே திருத்தலைன்னா யார் திருத்துவா?

ஸ்கார்பரோ சுகி:
உங்கட பிள்ளை என்னெண்டு கூப்பிடுது, சேலத்து அண்ணா?

சேலத்துக்காரன்:
அது எங்க வீட்டு விஷயம்.

எடிசன் மீனா:
ஓ! உங்கள் வீடு என்றால் வீட்டு விஷயம், என் வீடு என்றால் பண்பாடு.

ஹூஸ்டன் பாண்டியன்:
வயல் கேள்விக்கு இன்னும் பதில் வரலை.