பழைய முறத்துல ஒட்டின சிப்பி உதிருது, என்ன செய்ய?

முத்துநகர்க்காரி:
ஆச்சியோட மூங்கில் முறம் ஓரம் பிஞ்சு கெடந்துச்சு. தூரப் போட மனசில்ல. நீலப் பெயிண்ட் அடிச்சு, கிழிஞ்ச வலைத்துண்டை விரிச்சு, நம்ம தூத்துக்குடி கடற்கரையில பொறுக்குன சிப்பியை ஃபெவிகால்ல ஒட்டி முன்னறையில மாட்டுனேன். ரெண்டே நாள்ல ஒண்ணொண்ணா உதிருது. வாடை வேற! "இது வீடா, கருவாட்டுக் கடையா?"ங்கறாரு எங்க வீட்டுக்காரர்.

கடலோடி மகன்:
உள்ள காஞ்ச சதைதான் வாடைக்குக் காரணம்க்கா. கொதிதண்ணில அஞ்சு நிமிஷம் போட்டு, ஊசியால நோண்டி எடுத்துட்டு வெயில்ல காய வைங்க. ஆசிட்ல போட்டுறாதீங்க, சிப்பி சுண்ணாம்பு, அரிச்சிரும். வழுவழுப்பான சிப்பியும் பெயிண்டும் ஃபெவிகாலைப் பிடிக்காது. ஒட்டுற இடத்துல உப்புத்தாள் தேய்ச்சு, ரெண்டு டியூப் கலக்குற அரால்டைட் போட்டு ஒரு ராத்திரி அசைக்காம வைங்க.

உப்புக்காத்து:
மாட்டுனது இரும்பு ஆணியா? எங்க வீட்டுச் செவத்துல துரு வடிஞ்ச கோடு இன்னும் போகல. பித்தளைக் கொக்கி போடுங்க.

மீனா:
பவளத்துண்டு கெடந்தா எடுக்காதீங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குத்தம்.

முத்துநகர்க்காரி:
அய்யோ, இரும்பு ஆணிதான்! பவளம் எதுவும் இல்ல. சிப்பியைக் கொதிக்க வைக்கப் பழைய சட்டி தேடிக்கிட்டிருக்கேன், சோத்துப்பானையைத் தொட்டா மாமியார் விட மாட்டாங்க.