எங்கள் துரை ஷோவுக்குத் தேறுவானா?

லயத்து வீட்டுக்காரன்:
வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய டவுனில் இருக்கிறேன். எங்களிடம் மூன்று வயது இங்கிலீஷ் புல்டாக் ஒன்று இருக்கிறது. கோலாலம்பூரில் மச்சான் கொண்டோவுக்கு மாறியபோது எங்கள் வீட்டில் விட்டுப் போனார். இவன் நெஞ்சை முன்னே தள்ளி நடந்து வருவதைப் பார்த்த அப்பா, தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்க, வரும் அந்தக் காலத்துத் தொரை மாதிரியே இருக்கிறான் என்று 'துரை' என்று பெயர் வைத்துவிட்டார். அப்பா முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், அவருக்குத் தெரியும்.

மளிகைக்கடை தவுக்கே (முதலாளி) இவனைப் பார்க்கும்போதெல்லாம் "நாய் ஷோவுக்குக் கொண்டு போ, கப் அடிக்கலாம்" என்கிறார். சரி, பார்த்துவிடலாமே என்று மனைவியின் தையல் டேப்பை எடுத்து அளந்தேன். தோள்வரை உயரம் 38 செ.மீ. காதுக்கு முன்னால் தலைச் சுற்றளவு 53. எடையைப் பழைய இரும்புக்கடைத் தராசில் பார்த்தேன், 29 கிலோ. ஆள் ஒழுங்காக நிற்கவில்லை, அரைக் கிலோ முன்பின் இருக்கும். வெள்ளை உடம்பில் செம்பட்டைத் திட்டுகள். மூக்குக்கு மேல் கயிறு போலத் தடித்த மடிப்பு. வால் திருகி உள்ளேயே புதைந்து கிடக்கிறது. தூங்கினால் லாரி மேடு ஏறுகிற சத்தம். பிள்ளைகளுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். நடுவர் இதில் எதைப் பார்ப்பார்?

ஈப்போ பெரியவர்:
தம்பி, நான் இரண்டு புல்டாக் வளர்த்தவன். ஷோ ரிங் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த அனுபவமும் உண்டு. தலை அளவு ஜோர். இந்த இனம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் அமெரிக்கத் தரவிதியில், காதுக்கு முன்னால் எடுக்கும் சுற்றளவு குறைந்தது தோள் உயரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். உங்கள் ஆள் அதை எப்போதோ தாண்டிவிட்டான். ஆனால் இங்கே எம்.கே.ஏ. (மலேசிய நாய் வளர்ப்புச் சங்கம்) ஷோக்களில் பார்ப்பது எஃப்.சி.ஐ. என்ற உலக நாய்ச் சங்கக் கூட்டமைப்பின் விதி, எண் 149. அது பிரிட்டிஷ் விதியை ஒட்டியது. அதில் ஆணுக்கு எடை 25 கிலோ, பெண்ணுக்கு 23. உங்கள் 29-இல் நாலு கிலோ யாருடைய ரொட்டி சானாய் என்று பிள்ளைகளிடம் விசாரியுங்கள்.

அப்புறம், நீங்கள் ஆசையாகச் சொன்ன மூன்றுதான் சிக்கல். 2009-இல் பிரிட்டனில் இந்த விதியைத் திருத்தினார்கள். மூக்கு மேல் அழுத்தும் தடித்த மடிப்பு, நெரிந்த மூக்குத்துவாரம், உள்ளே புதைந்த வால், திணறும் மூச்சு, எல்லாமே இப்போது குறைதான். வால் தாழ்வாகத் தொடங்கி, நேராக வெளியே வந்து, பிறகு கீழே திரும்ப வேண்டும். மாட்டோடு நாயை மோதவிடும் ஆட்டத்தை இங்கிலாந்தில் 1835-லேயே தடை செய்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் மாட்டைக் கவ்விக்கொண்டே மூச்சு விடத்தான் மூக்கு பின்தள்ளி இருந்தது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இப்போது சும்மா படுத்திருக்கிறவனுக்கே மூச்சு வாங்குகிறது!

நீங்கள் சொல்லாமல் விட்டதும் உண்டு. மூக்கு கறுப்புதானா? ஈரல் நிறமோ பழுப்போ என்றால் பேச்சே இல்லை. காது எப்படி? மேல் ஓரம் பின்னோக்கி மடிந்து உட்புறம் கொஞ்சம் தெரிய வேண்டும், ரோஜா இதழ் போல. முன்னால் தொங்கினாலும் விறைத்து நின்றாலும் தவறு. வௌவால் காது பிரெஞ்சு புல்டாக்குக்கு. வாயை மூடியபின் பல் தெரியக்கூடாது. நடை சின்ன சின்ன வேக அடியாக, பின்கால் தரையை உரசுவது போல, ஒரு தோள் முன்னே வர ஓடவேண்டும். கள்ளுக்கடையிலிருந்து வீடு திரும்பும் நடை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தள்ளாடக் கூடாது.

செம்பனைக் கொக்கி:
வம்சச் சான்றிதழ் இருக்கிறதா அண்ணே? அது இல்லாமல் பதிவு பண்ண முடியாது. தவுக்கேயின் பாராட்டை ரிங்கில் காட்ட முடியாதே.

ரப்பர்காட்டு லட்சுமி:
ஷோ இருக்கட்டும் தம்பி. புதைந்த வாலுக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள். எங்கள் பெண் புல்டாக்குக்கு அங்கே ஈரம் தங்கி, புண்ணாகி, நாற்றம் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. தினமும் ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். முக மடிப்புக்கும் அதேதான். நம் வெயிலில் காலை எட்டு மணிக்கு மேல் வெளியே நடக்க விடாதீர்கள். நாக்கு நீலம் தட்டினால் உடனே தண்ணீர் ஊற்றி உடம்பைக் குளிர வைத்து, காத்திருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

லயத்து வீட்டுக்காரன்:
அக்கா சொன்னதும் டார்ச் அடித்து வாலைத் தூக்கப் பார்த்தேன். சிவந்திருக்கிறது, லேசாக நாற்றமும் இருக்கிறது. மூக்கு கறுப்புதான் பெரியவரே, ஆனால் துவாரம் கோடு மாதிரி ஒடுங்கியிருக்கிறது. இடது காது ரோஜா, வலது காது முன்னால் தொங்குகிறது. மச்சானுக்கு போன் போட்டேன். சான்றிதழ் ஏதும் கிடையாதாம், தெரிந்தவர் கொடுத்த குட்டியாம். ரொட்டி சானாய் விஷயத்தில் பிள்ளைகள் தப்பித்தார்கள், அப்பாதான் கொடுத்திருக்கிறார். வரும் சனிக்கிழமை ஈப்போவில் டாக்டரிடம் காட்டப் போகிறேன். மூக்குத்துவாரத்தை அகலப்படுத்தும் ஆபரேஷன் யாராவது செய்திருக்கிறீர்களா, எத்தனை வெள்ளி செலவானது?