மீன்பிடி தடைக்காலத்துல போட் பேட்டரி: எந்த சார்ஜர் வாங்கலாம்?

நாகை_தம்பி:
அண்ணன்மாரே ஒரு சந்தேகம். நமக்கு விசைப்படகு, ஸ்டார்ட்டர் 24 வோல்ட், 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரி கொள்ளளவு) பேட்டரி ரெண்டை சீரிஸ்ல, அதாவது ஒண்ணோட பிளஸ்ஸ இன்னொண்ணோட மைனஸ்ல சேத்து கட்டியிருக்கு. போன வருசம் ஏப்ரல் 15 தடைக்காலம் தொடங்குனதும் பெயிண்ட் வேலை வலை வேலைன்னு ஓடுனதுல பேட்டரிய யாரும் கண்டுக்கல, 61 நாளும் போட்லயே கெடந்துச்சு. தடை முடிஞ்ச அன்னிக்கு ஐஸ் ஏத்தி டீசல் அடிச்சு ஆள் எல்லாம் ஏறுன பிறகு சாவிய திருப்புனா டக்குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான். கடையில குடுத்தா பிளேட்டு பூத்துப்போச்சு இனி ஏறாதுன்னு சொல்லிட்டாங்க, ரெண்டையும் மாத்துனோம். அந்த கடுப்புல இந்த வருசம் கழட்டி வீட்டுக்கே கொண்டாந்துட்டேன். சார்ஜர் வாங்க போனா ரெண்டு காட்டுறாங்க. ஒண்ணு பழைய டிரான்ஸ்பார்மர் பெட்டி, முள்ளு மீட்டர் வச்சது, 12/24 ரெண்டும் வரும், 20 ஆம்பியர். இன்னொண்ணு ஸ்மார்ட் சார்ஜராம், 12 வோல்ட் மட்டும், 15 ஆம்பியர், கைக்கு அடக்கமா இருக்கு ஆனா வெல கூட. அப்பா பெருசையே வாங்கு, 24ல வச்சு ரெண்டையும் ஒண்ணா ஏத்திடலாம்ங்கறாரு. எதை வாங்க?

உப்புக்காத்து:
எதுக்கு தம்பி காசு செலவு, வீட்ல இன்வெர்ட்டர் இருக்குல்ல? அந்த பேட்டரிய கழட்டிட்டு போட் பேட்டரிய மாட்டுங்க, ஒரு நாள் இது ஒரு நாள் அது. நான் 3 வருசமா அப்படித்தான் ஓட்டுறேன். என்ன, கரண்டு போனா ஃபேன் எல்லாம் போட் பேட்டரியில ஓடும், அப்புறம் வீட்ல திட்டு வாங்கணும்.

டீசல்_மெக்கானிக்:
அவசரத்துக்கு இன்வெர்ட்டர் ஓகே, ஆனா டியூபுலர் (இன்வெர்ட்டருக்குன்னு வர்ற பேட்டரி வகை) செட்டிங்ல இருந்தா சாதா பேட்டரிக்கு மாத்திட்டு போடுங்க. தம்பி, நீங்க சார்ஜர் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. கழட்டி ஒரு நாள் ஆச்சுல்ல, மல்டிமீட்டர் வச்சு ரெண்டையும் தனித்தனியா பாத்து சொல்லுங்க. ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் (ஆழம் பாக்குற மெஷின்), வயர்லெஸ் இதுக்கெல்லாம் கரண்டு எங்கருந்து எடுத்திருக்கீங்க?

நாகை_தம்பி:
ஒண்ணு 12.6 காட்டுது, இன்னொண்ணு 12.1. ரெண்டும் ஒரே நாள்ல வாங்குனதுதான் அண்ணே. ஜிபிஎஸ், எக்கோ, கேபின் லைட் எல்லாம் கீழ உள்ள பேட்டரியில மட்டும் 12 வோல்ட் இழுத்திருக்கு, அதுதான் 12.1.

டீசல்_மெக்கானிக்:
அதான பாத்தேன். நம்ம பக்கம் பாதி போட்ல இதுதான் கதை. 12.6ன்னா புல்லு, 12.1ன்னா பாதிக்கும் கீழ. ராத்திரி பூரா ஜிபிஎஸ்ஸும் லைட்டும் ஒரு பேட்டரிய மட்டும் உறிஞ்சுது, ஆனா இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர் ரெண்டுக்கும் சேத்து 28 வோல்ட் குடுக்குது, சீரிஸ்ல இருக்கறதால ரெண்டுலயும் ஓடுறது ஒரே ஆம்பியர். ஏற்கெனவே புல்லா இருக்கறது 14.8க்கு போயி கொதிக்கும், சார்ஜ் எறங்குனது 13.2லயே நிக்கும். மேல் பேட்டரிக்கு மட்டும் அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊத்துறீங்களா இல்லையா? அப்பாகிட்ட கேளுங்க.

அதனால அப்பா சொல்ற மாதிரி 24ல ரெண்டையும் ஒண்ணா போட்டா அதே கூத்துதான் வீட்லயும் நடக்கும். 12 வோல்ட் சார்ஜர் வாங்கி ஒவ்வொண்ணா ஏத்துங்க. ஆம்பியர் கணக்கு ரொம்ப சிம்பிள், ஏஎச்சுல பத்துல ஒரு பங்கு, 150க்கு 15. அந்த 12.1 பேட்டரிக்கு சுமார் 80, 90 ஏஎச் உள்ள போகணும், கடைசில ஆம்பியர் தானா கொறஞ்சுக்கிட்டே வரும், அதனால 8 மணி நேரத்துக்கு மேலயே ஆகும், ராத்திரி போட்டா காலைல எடுக்கலாம். ஸ்மார்ட்டு 14.4 வரைக்கும் ஏத்தி கொஞ்ச நேரம் புடிச்சு வச்சுட்டு 13.5 பக்கம் எறங்கிடும். டிரான்ஸ்பார்மர் பெட்டிக்கு அந்த புத்தி கெடையாது, மறந்து தூங்கிட்டீங்கன்னா தண்ணி வத்தி பிளேட்டு வெளிய தெரியும்.

மண்டபம்_மாமா:
மெக்கானிக் சொல்றது சரிதான், ஆனா பெட்டிய அவ்ளோ மட்டமா பேசாதீங்கப்பா, 20 வருசம் அதுலதான் ஓட்டுனோம். அடியோட சார்ஜ் எறங்குன பேட்டரிய ஸ்மார்ட் சார்ஜர் பேட்டரின்னே ஒத்துக்காது, லைட்டு சிமிட்டிட்டு சும்மா நிக்கும், பெட்டி அதையும் ஏத்தும். பக்கத்துல ஒக்காந்து பாக்க ஆள் வேணும், அவ்ளோதான்.

நான் சொல்ல வந்தது வேற. எங்க தெருவுல ஒருத்தர் சாமி ரூம் பக்கத்துல வச்சு சார்ஜ் போட்டாரு, கரண்ட ஆஃப் பண்ணாம கிளிப்ப புடுங்குனாரு, ஒரு பொறி, பேட்டரி மூடி தெறிச்சு ஆசிட்டு சட்டையெல்லாம். கண்ணு தப்புனது புண்ணியம். ஏறும்போது ஹைட்ரஜன் வரும், காத்துல 4 சதவீதம் சேந்தாலே பத்திக்கும். திண்ணையில நெழல்ல வச்சு போடு. மொதல்ல கிளிப்பு, அப்புறம் சுவிட்சு, எடுக்கும்போது மொதல்ல சுவிட்சு. தண்ணி கொறஞ்சிருந்தா ஏத்துறதுக்கு முன்னாடி பிளேட்டு மூடுற அளவுக்கு மட்டும் ஊத்து, மிச்சத்த ஏறுன பிறகு ஊத்து, இல்லன்னா பொங்கி வழியும். டெர்மினல்ல பூத்திருந்தா ஆப்ப சோடாவ சுடுதண்ணில கரைச்சு கழுவிட்டு வாசலின் தடவு, மூடி எறுக்கமா இருக்கணும், சோடா தண்ணி உள்ள போகக்கூடாது.

உப்புக்காத்து:
மாமா, சிமெண்ட் தரையில வச்சா பேட்டரி எறங்கிடும்னு எங்க அப்பா பலகை போட்டு வைப்பாரு, நெசமா?

டீசல்_மெக்கானிக்:
அது ரப்பர் பெட்டி காலத்து பேச்சு. இப்ப பிளாஸ்டிக், தரையில வைங்க ஒண்ணும் ஆகாது. வெயில்தான் எதிரி, சூட்டுல வேகமா எறங்கும். பிளேட்டு பூத்துப்போறதே சார்ஜ் எறங்கி கெடக்கறதாலதான், புல்லா ஏத்தி வச்சா 2 மாசம் தாங்கும், நடுவுல மே பாதியில ஒருக்கா ஏத்திடுங்க.

நாகை_தம்பி:
அப்பாகிட்ட கேட்டேன், மேல் பேட்டரி மட்டும் தண்ணி குடிக்கும், பேட்டரியே அப்படிடான்னு 5 வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தாராம் 😀 ஸ்மார்ட்டே வாங்கிட்டேன், நேத்து ராத்திரி அந்த 12.1ஐ போட்டேன், காலைல பச்சை லைட்டு. எடுத்து 6 மணி நேரம் கழிச்சு பாத்தா 12.7 நிக்குது. ஜிபிஎஸ் வயர என்ன பண்ண?

டீசல்_மெக்கானிக்:
24ல இருந்து 12 ஆக்குற கன்வெர்ட்டர் ஒண்ணு வாங்கி ரெண்டு பேட்டரிக்கும் சேத்து மாட்டிட்டு, ஜிபிஎஸ், எக்கோ, லைட் எல்லாத்தையும் அதுல கொடுத்துடுங்க, நடுவுல பியூஸ் மறக்காதீங்க. தடை முடியுறதுக்குள்ள பண்ணிடுங்க, அப்புறம் எங்கள புடிக்க முடியாது.