சாட்ஸ்வொர்த் வீட்டு அலமாரி: மெலமைனா, பிளைவுட்டா?

அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு மராமத்து நடக்கிறது. 1960-களில் கட்டிய வீடு, அறையெல்லாம் சின்னது. படுக்கையறையில் சுவரோடு சேர்த்து அலமாரி அடிக்கணும். கிடைக்கிற நீளம் 2.4 மீட்டர்தான்.

சிக்கல் என்னன்னா, அது தெற்குச் சுவர். இந்த நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போவதால் அங்கே வெயில் சரியாகவே படாது. டர்பன் கோடை ஈரத்தில் பழைய அலமாரியின் பின்பலகை ஊதிப்போய், ஓரத்தைத் தொட்டாலே தூளாக உதிர்கிறது. அம்மாவின் பட்டுச்சேலை ஒன்றில் ஜரிகையே கறுத்துவிட்டது.

16 மில்லிமீட்டர் மெலமைன் பலகை (மரத்துகளை அழுத்தி, மேலே மெலமைன் பிசின் தாள் ஒட்டியது) போதும் என்கிறார் தச்சர். ஈரம் தாங்கும் பசை போட்ட மரைன் பிளைவுட்தான் வேணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார் மாமா (காசு கொடுக்கப்போவது அவரில்லை). சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி நிறுத்தி, அடியிலும் மேலேயும் காற்றுத் துளை விட்டு, பலகை ஓரமெல்லாம் பட்டை ஒட்டி மூடினால் மெலமைனே தாங்குமா? கடலோரம் இருக்கிறவர்கள் சொல்லுங்க.

ஹேங்கர் இடிக்காமல் இருக்க உள் ஆழம் 60 சென்டிமீட்டராவது வேணும். அப்புறம் கதவைத் திறந்தால் கட்டிலில் முட்டும். தள்ளுகதவு போட்டால் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும், அதோடு தினமும் மல்லுக்கட்டணும். யார் வீட்டில் எது சரிப்பட்டது?

சட்டைக்கு மேலும் கீழுமாக இரண்டு கம்பி, சேலைக்குத் தட்டு என்று முடிவாகிவிட்டது. தைப்பூசக் காவடி சாமான் சீலிங்கை ஒட்டிய பரணுக்குப் போகும். அங்கே மயிலிறகில் பூச்சி விழாமல் இருக்க என்ன போடுறீங்க?